ஆமையின் முதுகில் பூத்த உப்பு

நாவல்கரடு என்ற பாறைக் குன்றுக் காட்டில் ஒரு கீரியும் ஓர் ஆமையும் இருந்தன. தன்னை மிஞ்சிய புத்திசாலி அந்தக் காட்டிலேயே இல்லை என்று கீரி நினைத்துக்கொண்டிருந்தது. ஆமை அப்படி எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. பாறைக்கு நடுவே இருந்த சின்னச் சுனையில் அது பாட்டுக்குக் கிடந்தது.

நாவல்கரட்டில் எல்லாம் உண்டு. நாவல்பழம் உண்டு, கிழங்கு உண்டு, தேன் உண்டு. உப்பு மட்டும் கிடையாது. கோடை பிறந்ததும் காட்டிலாகாக்காரர்கள் ஜீப்பில் வருவார்கள். பாறைக் குடைவின் நிழலில் ஒரு பெரிய உப்புக்கட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். பூசணிக்காய் அளவு இருக்கும். மழைக்காலம் வருவதற்குள் விலங்குகள் நக்கி நக்கியே அதைத் தீர்த்துவிடும்.

ஆகவே அந்தக் காட்டில் பிறந்த எந்த உயிரும் உப்பு நனைந்து பார்த்ததே கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

உப்புக்கு அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு நாக்குக்கு மூன்று நக்கு. அதற்குமேல் யானையானாலும் கிடையாது. தினமும் ஒரு விலங்கு உப்புக்குக் காவல் இருக்க வேண்டும். விடியும்போது எல்லோர் முன்னாலும் கட்டியைப் பார்த்து, "கண்ணால் வாங்கினேன், கண்ணால் கொடுப்பேன்!" என்று சொல்ல வேண்டும். மறுநாள் விடியும்போது அதே கட்டியை அடுத்த காவலின் கண்ணுக்குக் காட்ட வேண்டும். உப்பைத் திருடியவர் அன்றைக்கே கரட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். திரும்பி வரவே கூடாது.

அந்த வருடம் உப்பு இரண்டு தேங்காய் அளவுக்குத் தேய்ந்திருந்த சமயம். கடமான் ஒன்று எட்டு நாளைக்கு முன்புதான் கன்று ஈன்றிருந்தது. கன்று நோஞ்சான். எழுந்தால் கால் நடுங்கும். தாய்க்கோ பால் வற்றிக்கொண்டே வந்தது.

"உடம்புல உப்பு ஏறினாத்தான் பால் ஊறும்" என்று யானை சொல்லிவிட்டது. அந்தக் காட்டுக்கு யானை சொன்னால் சொன்னதுதான். "மிச்சமிருக்கிற உப்பு முழுக்க மானுக்கே இருக்கட்டும். நாளையிலிருந்து வேற யாரும் நாக்கை நீட்டக் கூடாது."

முள்ளம்பன்றிக்கு மட்டும் முகம் சுருங்கிப் போயிற்று. உப்பென்றால் அதற்கு உயிர். ஆனாலும் யானையை எதிர்த்துப் பேச முடியுமா?

இந்த நேரத்தில்தான் காவல்முறை கீரிக்கு வந்தது.

கீரி யோசித்தது. போன வருடம் மலையணில் உப்பை மரப்பொந்தில் வைத்தது; குரங்குகள் கண்டுபிடித்துவிட்டன. காட்டுப்பன்றி மண்ணில் புதைத்தது. முள்ளம்பன்றி மோப்பம் பிடித்துத் தோண்டிவிட்டது.

"மரத்துல வெச்சா கை எட்டுது. மண்ணுல வெச்சா மூக்கு எட்டுது. கையும் மூக்கும் எட்டாத இடம் எது?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளியது. "தண்ணி! தண்ணிக்குள்ள வெச்சா எந்த மூக்குக்கு வாசனை வரும்?"

அன்றைய பங்கை மான் நக்கிவிட்டுப் போனதும் உப்புக்கட்டியை மூக்கால் உருட்டிக்கொண்டு சுனைக்குப் போயிற்று. அது ஆமையின் வீடு. மற்ற விலங்குகள் கரட்டுக்குள்ளேயே கீழே உள்ள ஓடைக்குட்டையில்தான் நீர் குடிக்கும். சுனைப் பக்கம் யாரும் வருவதில்லை.

"என்ன தம்பி, என் வீட்டுக்குள்ள எதையோ உருட்டிவிடுற?" என்று ஆமை தலையை நீட்டியது.

"உப்பு, அக்கா. ஒரே ஒரு நாள் இங்கே இருக்கட்டும். நீ தொடக் கூடாது!"

"எனக்கெதுக்குப்பா உப்பு? நான் பாசியைத் தின்னுட்டுக் கிடக்கிறவ."

'தொபுக்' என்று கட்டி உள்ளே விழுந்தது. நீர் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. பளிங்கு மாதிரித் தெளிந்த நீர். அடியில் உப்பு வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

கீரி சுனையின் விளிம்பில் ஏறி, நீருக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து உட்கார்ந்தது. திருடன் வெளியிலிருந்துதானே வருவான்? அது அதன் கணக்கு.

"கீரி காவலுக்கு உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான்! பொழுது சாய்ஞ்சாலும் நகராது! வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட வைக்காது!" என்று போகிற வருகிற குருவிகளிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஆமை கூப்பிட்டது. "தம்பி, தண்ணி என்னவோ மாதிரி இருக்கு. கண்ணெல்லாம் எரியுது."

"கண்ணை மூடித் தூங்கு அக்கா. சரியாப் போயிடும்."

ஆமையால் தூங்க முடியவில்லை. வெயில் காய ஏறும் பாறை விளிம்பில் கீரி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நல்ல நீர் எங்கேயாவது இருக்குமா என்று தேடி, ஆமை சுனைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நீந்தியது. அது நீந்த நீந்த நீர் சுழன்றது. உச்சிவெயிலில் சுனை வெதுவெதுப்பானது.

"தம்பி! உன் உப்பு இளைச்சுக்கிட்டே வருது!"

கீரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உப்பு இளைக்குமா? வெயில்ல உனக்குத்தான் மூளை கலங்கிப் போச்சு!" என்றது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆமை கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டியின் முனைகள் மழுங்கின. உருண்டை ஆயிற்று. நெல்லிக்காய் அளவு ஆயிற்று. குன்றிமணி அளவு ஆயிற்று. யாரும் தொடவில்லை, யாரும் கடிக்கவில்லை. பயத்தில் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

விடிந்தது. எல்லா விலங்குகளும் பாறைக் குடைவின் முன் கூடின. கடமான் கன்றை மர நிழலில் படுக்க வைத்துவிட்டு முதல் ஆளாய் வந்து நின்றது.

"எங்கே, கண்ணால் கொடு பார்ப்போம்!" என்றது அன்றைய காவலான குரங்கு.

கீரி மிடுக்காக எல்லோரையும் சுனைக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று. வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி, "எட்டிப் பாருங்க!" என்றது.

எட்டிப் பார்த்தார்கள். தெளிந்த நீர். அடியில் கூழாங்கல். மூலையில் கண் சிவந்து கிடந்த ஆமை. வேறு ஒன்றும் இல்லை.

கீரியின் வால் தொங்கிப் போயிற்று. குரங்கு நீண்ட கையை உள்ளே விட்டு மூலை முடுக்கெல்லாம் துழாவியது. கையை உதறிக்கொண்டு, "காணோம்!" என்றது.

"ஐயோ, என் பிள்ளைக்கு வெச்சிருந்த உப்பு!" என்று மான் அலறியது.

கீரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் புத்தி சும்மா இருக்குமா? "நேத்து விடிஞ்சதிலிருந்து நான் இந்த இடத்தை விட்டு அசையலை. வெளியிலிருந்து ஒரு ஈ உள்ளே போகலை. அப்படின்னா உப்பைத் தின்னது யாரு? உள்ளே யாரு இருந்தாங்களோ அவங்கதான்!"

எல்லாக் கண்களும் ஆமையின் மேல் திரும்பின.

குடைவின் நிழலில் விசாரணை நடந்தது. குரங்கு ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தது. அதன் ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ தின்னியா?" என்று யானை கேட்டது.

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்ப வேற யாரு தின்னது?"

ஆமை கண்ணால் பார்த்தது ஒன்றுதான். அதைச் சொல்லிற்று. "தண்ணிதாம்மா தின்னுச்சு."

காடே சிரித்தது. முள்ளம்பன்றி முட்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. "உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு கேள்விப்பட்டிருக்கோம். இங்கே தண்ணியே உப்பைத் தின்னுச்சாம்!"

கீரி ஒரு சுரைக்குடுக்கையில் சுனை நீர் மொண்டு வந்து எல்லோர் முன்னாலும் வைத்தது. "இதோ ஒரு கல்லைப் போடறேன். கல் இருக்கா? இருக்கு! ஒரு நாவல்கொட்டையைப் போடறேன். கொட்டை இருக்கா? இருக்கு! ஒரு பிடி மணலைப் போடறேன். கலங்குது, சரி. கொஞ்சம் பொறுங்க. இதோ அடியில இறங்கிடுச்சு! போட்டது போட்டபடி இருக்கு. தண்ணிக்கு வாய் இருக்கா, வயிறு இருக்கா?"

கேட்கக் கேட்க எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. எனக்கும் உங்களுக்கும்கூட அங்கே இருந்திருந்தால் பட்டிருக்கும். குடுக்கையில் இருந்த அந்த நீரை ஒருவரும் தொட்டு வாயில் வைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை!

"நேத்தெல்லாம் 'உப்பு இளைக்குது, இளைக்குது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. திருடறதுக்கு முன்னாலயே வழி பண்ணி வெச்சிருக்கா!" என்றும் கீரி சொன்னது. அப்படிச் சொல்லும்போது அதற்குத் தான் சொல்வது உண்மை என்றே தோன்றியது. பயந்தவனின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

யானை பெருமூச்சு விட்டது. "சட்டம் சட்டம்தான். ஆமை, நீ கரட்டைவிட்டு இறங்கிடு."

கரட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த தண்ணீர் வேங்கைப்பள்ளத்தில் இருக்கிறது. மான் காலுக்கு அது அரை நாள் வழி. ஆமை காலுக்கு ஐந்து நாள். நடுவில் ஒரு நிழல் கிடையாது, ஒரு சொட்டு ஈரம் கிடையாது. சுடுபாறை மட்டும்தான். அனுப்புகிறோம் என்று சொன்னாலும் அது எங்கே அனுப்புவது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆமை மானைப் பார்த்து, "உன் கன்னு பிழைக்கணும் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கியது.

நிழலைத் தாண்டி அது அகலப்பாறையில் ஏறியது. பத்து யானைகள் படுத்துப் புரளக்கூடிய பெரிய வழுக்கைப் பாறை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆமை ஓர் அடி வைக்கும், நிற்கும். இன்னோர் அடி வைக்கும், நிற்கும். மற்றவை கொஞ்ச தூரம் பின்னாலேயே போயின. வழியனுப்பவா, விரட்டவா என்று அவற்றுக்கே தெரியவில்லை.

பாறையின் நடுவுக்கு வந்தபோது முள்ளம்பன்றி கத்தியது. "நில்லு! அது என்ன முதுகுல?"

ஆமையின் கரிய ஓட்டின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஓட்டின் கோடுகளில் எல்லாம் மெல்லிய வெள்ளைப் பொடி.

"உப்பு! திருடின உப்பை முதுகுல ஒளிச்சுக் கொண்டு போறா!" என்று கீரி குதித்தது. அதற்கு உயிரே திரும்பி வந்தது போல் இருந்தது.

"என் முதுகுக்கு என் கையே எட்டாது தம்பி! அங்கே நான் எப்படி ஒளிப்பேன்?" என்றது ஆமை.

அதற்குள் கடமான் முன்னால் வந்திருந்தது. அது ஆமையை முட்டித் தள்ளத்தான் வந்தது. ஆனால் எட்டு நாளாய் உப்புக்கு ஏங்கிய நாக்கு மனத்துக்காகக் காத்திருக்குமா? குனிந்து, ஆமையின் முதுகை ஒரே நக்காக நக்கிவிட்டது.

"உப்புதான்!" என்று மான் சொன்னது. மறுபடி நக்கியது. ஒரு பொடி விடாமல் துடைத்து நக்கியது. ஓடு பழையபடி கறுப்பானது.

ஆமைக்கு நாக்கு வறண்டு தலை தொங்கிவிட்டது. அதைப் பார்க்க யானைக்குப் பொறுக்கவில்லை. "திருடியாவே இருந்தாலும் தவிச்ச வாயோட அனுப்பக் கூடாது" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த சுனையில் தும்பிக்கையை விட்டு, ஒரு தும்பிக்கை நீரை உறிஞ்சி வந்து ஆமையின் மேல் ஊற்றியது.

ஓடு நனைந்து பளபளத்தது. வெறும் கறுப்பு. ஒரு வெள்ளைப் புள்ளிகூட அதில் இல்லை.

பாறை சுட்டது. வெயில் சுட்டது. ஓட்டின் மேல் நீர் மெல்ல மெல்லக் குறைந்தது. விளிம்பில் ஈரம் காய்ந்தது. காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"அங்கே பாருங்க!" என்றது குரங்கு. அதன் குரல் கிசுகிசுவென்று வந்தது.

கோடு வளர்ந்தது. ஈரம் உள்ளே உள்ளே சுருங்க, வெள்ளை பின்னாலேயே வந்தது. யாரும் கிட்டே போகவில்லை. யாரும் கொண்டுவந்து தூவவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தனை பேர் கண் முன்னாலும், ஆமையின் முதுகு முழுக்க உப்புப் பூத்தது!

இதை எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. பார்த்தவற்றுக்கு எப்படி இருந்திருக்கும்!

யானை தன் தும்பிக்கை நுனியில் இருந்த ஈரத்தை மெதுவாக நாக்கில் வைத்தது. கண்கள் விரிந்தன. காடு அதிரப் பிளிறியது.

"உப்பு தண்ணியில இருக்கு! தண்ணிக்குள்ளயே இருக்கு!"

எல்லோரும் சுனைக்கு ஓடினார்கள். குரங்கு மேல்மட்டத்து நீரை ஒரு கை அள்ளிக் குடித்தது. "உப்பு!" யானை அடியிலிருந்து உறிஞ்சிக் கொடுத்தது. "உப்பு!" முள்ளம்பன்றி ஓரத்தில் நக்கியது. "இங்கேயும் உப்பு!" நடுவில் தொட்டாலும் உப்பு, மூலையில் தொட்டாலும் உப்பு. இங்கே அதிகம், அங்கே குறைவு என்பது இல்லை.

"பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு சொட்டு விடாம எல்லாச் சொட்டுலயும் இருக்கே! இவ்வளவு பெரிய கட்டி எப்படி இப்படிக் கண்ணுக்கே தெரியாம உட்கார்ந்திருக்கு?" என்று மான் வியந்தது.

ஆமை மெல்ல ஊர்ந்து வந்து சேர்ந்தது. அதற்கு இப்போது எல்லாம் விளங்கியிருந்தது. "அது சிறுசாகிட்டே வந்துச்சு. சிறுசு, அதைவிடச் சிறுசு, இன்னும் சிறுசு. கடைசியில கண்ணுக்குச் சிக்காத அளவுக்குப் போயிடுச்சு. தீர்ந்துபோச்சுன்னு நினைச்சேன். தீரலை. தண்ணி முழுக்கப் பரவிடுச்சு."

"தண்ணி தின்னலையா அப்ப?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"தின்னிருந்தா திருப்பித் தருமா?" என்றது ஆமை.

யானை தாமதிக்கவில்லை. சுனை நீரைத் தும்பிக்கை தும்பிக்கையாக உறிஞ்சி அகலப்பாறை மேல் பீய்ச்சியது. பதினோரு தும்பிக்கையில் சுனை வற்றிவிட்டது. பாறை முழுக்க நீர் மெல்லிய பாயாக விரிந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

பாறையில் கையகலக் குழி ஒன்று இருந்தது. முள்ளம்பன்றி அதன் பக்கத்திலேயே மூக்கை வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. குழியில் நீர் குறைந்தது. பாதி ஆனது. ஒன்றும் தெரியவில்லை. கால் ஆனது. அப்போதும் தெரியவில்லை. இன்னும் குறைந்து அடியில் கொஞ்சமே கொஞ்சம் நின்றபோது, ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி பிறந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"தண்ணிதான் இன்னும் இருக்கே! அதுக்குள்ள ஏன் உப்பு வெளியே வருது?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"தாங்குற மட்டுந்தானே தாங்கும்?" என்றது ஆமை. "நிறையத் தண்ணி இருந்தப்ப எல்லா உப்பையும் வெச்சுக்க முடிஞ்சுது. இப்ப இத்துனூண்டு தண்ணி. இதுக்கு ஏத்த உப்புத்தான் இதுக்குள்ள நிக்கும். மிச்சம் வெளியே வந்துதானே ஆகணும்?"

முள்ளம்பன்றி இன்னும் கிட்டே போய்ப் பார்த்தது. ஒவ்வோர் உப்புத் துகளும் ஒரு குட்டிப் பெட்டி மாதிரி நான்கு மூலையோடு இருந்தது. யார் செதுக்கினார்கள்? ஒருவரும் செதுக்கவில்லை. முள்ளம்பன்றி அன்றைக்கு உப்பைத் தின்ன மறந்துவிட்டது. அதன் வாழ்நாளில் அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

குரங்கு ஒரு துகளை எடுத்து, மூக்கில் இருந்த ஒரு வியர்வைத் துளியில் வைத்தது. துகள் கண் முன்னாலேயே கரைந்து காணாமல் போனது. "போச்சு!" என்றது குரங்கு. "போகலை, அங்கேயே இருக்கு!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். பிறகு தாங்களே சிரித்துக்கொண்டார்கள்.

பொழுது மேற்கே இறங்கும்போது அகலப்பாறை முழுக்க வெண்மை. வெயில் பட்டு மின்னியது. இரண்டு தேங்காய் அளவு கட்டி ஒரு பாறையையே மூடிக் கிடந்தது. மான் ஓரத்திலிருந்து நக்கத் தொடங்கியது. ஒருவரும் எத்தனை நக்கு என்று எண்ணவில்லை. நிழலிலிருந்து கன்று தள்ளாடித் தள்ளாடி எழுந்து தாயின் மடியைத் தேடி வந்தது.

வற்றிய சுனையில் பாறை இடுக்கிலிருந்து ஊற்று சொட்டுச் சொட்டாக ஊறிக்கொண்டிருந்தது. ஆமை அதில் வாயை வைத்துக் குடித்தது. நல்ல நீர். அதன் கண்ணில் எரிச்சல் நின்றது.

அப்போதுதான் எல்லோரும் கீரியைத் தேடினார்கள். அது பாறை இறக்கத்தில், கரட்டைவிட்டு வெளியே போகும் வழியில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தது.

"எங்கேப்பா போற?" என்று யானை குரல் கொடுத்தது.

"சட்டம்னா எனக்கும் சட்டம்தானே? உப்பைத் தொலைச்சவன் நான். குத்தமில்லாத அக்காவைச் சாக அனுப்பினவனும் நான். நான் போறேன்."

"உப்பைத் திருடினவங்கதான் போகணும். இங்கே யாரும் திருடலையே!" என்றது யானை. "ஆனா ஆமை என்ன சொல்லுதோ அதுதான்."

கீரி திரும்பி வந்து ஆமையின் முன்னால் நின்றது. நிமிர்ந்து பார்க்க அதற்குத் தைரியம் இல்லை. "அக்கா, ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலை. கல்லைப் போட்டேன், இருந்துச்சு. மணலைப் போட்டேன், இருந்துச்சு. உப்பு மட்டும் ஏன் அப்படிப் போச்சு?"

"அது எனக்கும் தெரியாது தம்பி. தண்ணி எல்லாரையும் தனக்குள்ள சேர்த்துக்கிறதில்ல போல. சிலரை மட்டும் சேர்த்துக்குது. அதை நினைச்சா எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு." என்றது ஆமை. "எனக்கு விளங்காதது வேற ஒண்ணு. விடிஞ்சதிலிருந்து விடியற வரைக்கும் என் வாசல்லயே உட்கார்ந்திருந்தே. கண் எரியுதுன்னு சொன்னேன். உப்பு இளைக்குதுன்னு சொன்னேன். ஒரே ஒரு வாய் தண்ணி குடிச்சிருந்தா போதுமே, தம்பி!"

கீரி மெதுவாகப் பாறைக்குப் போய், அங்கே மிச்சமிருந்த ஈரத்தில் குனிந்து நாக்கை வைத்தது. வாயெல்லாம் உப்புக் கரித்தது. அதன் கண்ணிலிருந்தும் நீர் வழிந்து வாய்க்குள் இறங்கியது. அதிலும் உப்பு இருந்தது.

"அக்கா, இதுலயும் இருக்கு!" என்றது கீரி, அழுதுகொண்டே, அதிசயப்பட்டுக்கொண்டே.

"இருக்கட்டும். வா, வந்து நிழல்ல உட்காரு" என்றது ஆமை.

மறுநாளிலிருந்து நாவல்கரட்டில் காவல் வாக்கு மாறியது. "கண்ணால் வாங்கினேன், கண்ணால் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டு, காவல் இருக்கும் விலங்கு ஒரு துளி சுனை நீரைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்ளும். உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஆமையிடம், "நீ ஏதாவது சொல்லணுமா அக்கா?" என்று கேட்கும். அப்படிக் கேட்பதை முதலில் தொடங்கி வைத்தது கீரிதான்.

கண்ணுக்குத் தெரியாமல் போனதெல்லாம் களவு போனதாகிவிடாது. ஆகவே ஒருவர் மேல் பழி சொல்லும் முன், அவர் சொல்வதில் ஒரு துளியையாவது தொட்டுச் சுவைத்துப் பார்க்க வேண்டும்.